செல்போனுக்கு ஒரு டோக்கன்

அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. மான்குர்தில் மகன் வீட்டில் இருக்கிறாள். சென்ற வருடம் கண் டாக்டர் அவளிடம் நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, வாசிக்க வேண்டியதை ஆறு மாதத்துக்குள் வாசித்துவிடுங்கள் என்றார். அன்றே எனக்குப் போன் செய்தாள்.

“ஏல, தாராவிக் குழாயடியப் பத்திக் கதை எழுதுதேன், எழுதுதேன்னு சொல்லிக்கிட்டே இருக்கியே. கண்ணு இருக்கும்போதே குடுத்திரு.”

நான்கு வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று பக்கம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் தமிழ் வாசிக்கிறவர்கள் இரண்டு பேர். எழுதுகிற என்னைக் கழித்தால் வாசகர் ஒருவர்.

தடையாக இருந்தது போன். ஒருநாள் முழுக்கக் கணக்கெடுத்தேன். செம்பூரில் எங்கள் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழு, ஓய்வுபெற்றவர்கள் குழு, சொந்தக்காரர்கள் குழு மூன்றிலுமாக நூற்று முப்பத்தெட்டு செய்திகள். அவற்றில் நாற்பத்தொன்று காலை வணக்கம். பேனாவை எடுத்தது ஆறு முறை. போனை எடுத்தது எழுபத்திரண்டு முறை.

ஓய்வுபெறும்வரை டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தேன். வாசலில் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போவோம். அந்த வருடங்களில் போன் நினைவே வந்ததில்லை. ஆகவே அட்டையை வெட்டி இரண்டு டோக்கன் செய்து, ஒன்றை ரப்பர் பாண்டால் போனோடு கட்டினேன். இருப்பது ஒரே போன். இருந்தாலும் இரண்டிலும் 1 என்று எண் போட்டேன். கட்டடத்துக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் காலை ஒன்பதுக்குக் கொடுத்து ஒரு மணிக்கு வாங்குவதாக ஏற்பாடு.

முதல் நாள் ஒன்பது வரி எழுதினேன். யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்க ஐந்து தடவை கீழே இறங்கினேன். ஒரு தடவைக்கு ஐம்பத்திரண்டு படி.

“சார், ஒங்க போன வச்சிருக்கதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஒங்களையும் சேத்துல்லா வச்சிருக்க வேண்டியிருக்கு” என்றார் அண்ணாச்சி.

“அக்கா கூப்பிட்டாளா?”

“கூப்பிட்டாவ. சார் கதை எழுதுதாவன்னு சொல்லி வச்சிட்டேன்.”

அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான்.

மூன்றாம் நாள் வலது முழங்கால் வீங்கியது. அதன்பின் மனைவியே போனைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். டோக்கனையும் அவளே வைத்துக்கொண்டாள். கதை நகர்ந்ததற்கு முழங்காலும் ஒரு காரணம்.

ஆறு மாதம் முடிய இருபத்திரண்டு நாள் இருக்கும்போது கதை முடிந்தது. பதினாறு பக்கம். ஒரு காலைநேரம் பஸ் பிடித்து மான்குர்த் போனேன். அக்கா தாளை மூக்கருகே வைத்துப் பார்த்தாள். பிறகு டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தாள்.

“ஓரத்துல தெரியுது. நடுவுல ஒண்ணுமில்ல.”

“டாக்டர் ஆறு மாசம்னாரே.”

“அவருக்கு எண்ணத் தெரியல. இதச் சொல்லத்தான் போன மாசம் மூணு தடவ கூப்பிட்டேன். ஒங்க கடைக்காரரு வச்சிட்டாரு. பெறவு, சரி, கதை முடியட்டும்னு விட்டுட்டேன்.”

நானே வாசிக்கிறேன் என்றேன்.

“வேண்டாம். நீ வாசிச்சா நடுநடுவுல வெளக்கம் சொல்லுவ. போன்ல பேசி அனுப்பு. நான் நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கிடுதேன்.”

போன் அண்ணாச்சியிடம் இருந்தது.

மறுநாள் அதைக் கடைக்கு அனுப்பவில்லை. பக்கத்துக்கு ஒன்றாகப் பதினாறு குரல் செய்திகள் பதிவுசெய்து அனுப்பினேன். அவள் கேட்டுவிட்டால் அந்தச் செய்தியில் நீலம் தெரியும் என்று கட்டடக் குழுவில் சொன்னார்கள். நான்கு மணிக்குள் பதினைந்து நீலமாகியிருந்தன. அதற்குள் போனை அறுபத்துநான்கு முறை எடுத்திருந்தேன். பதினாறாவது நீலமாகவில்லை. போன் அடித்தது.

“ஏல, குழாயடியில எனக்கு முன்னால எட்டுக் கொடம்னு வாசிச்சிருக்க.”

“ஆமா.”

“பதிமூணு. வரிசையில நின்னது நானா, நீயா?”

“நீதான்.”

“எட்டுன்னா நேரத்துக்கு ஸ்கூலுக்குப் போயிருப்பேம்லா. மாத்தி அனுப்பு. கடைசிப் பக்கத்த அப்பந்தான் கேப்பேன்.”

வைத்துவிட்டாள். எட்டுக் குடம் கதையில் நான்கு இடத்தில் வருகிறது. அந்த எட்டை நம்பி எழுதிய வரிகள் எத்தனை என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். சாயங்காலத்தில் அண்ணாச்சி போன் வாங்கிக்கொள்வாரா என்று மனைவியைக் கேட்டேன். அவள் போனை வாங்கக் கையை நீட்டினாள்.