பொது அறிவு வாத்தியாரும் புது பைபாஸும்

போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் பொது அறிவு நடத்துவது என்பது, நாடு முன்னேறிவிட்டது என்று தினமும் காலையில் நின்றபடியே அறிவிக்கிற வேலை. சிதம்பரத்தில் ஒரு ஸ்டேஷனரிக் கடை மாடியில் எங்கள் மையம். கடலூர் செம்மண்டலத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து பொருளாதாரம், உள்கட்டமைப்பு, பாதுகாப்புப் படைகள் என்று மூன்று பாடம் நடத்துகிறேன். சாக்பீஸ் தூளை மூக்கால் உண்டு வாழும் சக வாத்தியார்களே, உங்களுக்கு நடக்காத எதுவும் எனக்கு நடந்துவிடவில்லை. ஆனாலும் கேளுங்கள்.

சராசரி மனிதர்

அன்றைக்குத் தனிநபர் வருமானம். நாட்டின் மொத்த வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்தால் ஆளுக்கு இவ்வளவு என்று போர்டில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, பெருமையாகத் திரும்பினேன். முன் பெஞ்சில் சுகந்தி எழுந்து நின்றாள். அப்பா புவனகிரியில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர்.

“அப்ப எங்க அப்பாவுக்கும் அவ்ளோ வருமானம் இருக்கா சார்?” என்றாள். கணக்குப்படி இருக்கிறது என்றேன். போர்டில் இருந்த தொகையை நோட்டில் எழுதிக்கொண்டாள். “அவுரு இன்னும் வாங்கலியே சார், எந்த ஆபீஸ்ல போயி கேக்கணும்?”

அன்னியச் செலாவணி

அன்வர் லால்பேட்டைப் பையன். அவன் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார்கள். இவனுக்கு மட்டும் பட்டாளத்துப் பைத்தியம். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான், ஓட்டம்தான் பாக்கி. ஆயிரத்து அறுநூறு மீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடவேண்டும். வயது வரம்பு இந்தத் தடவையோடு முடிகிறது, தவறினால் அப்புறம் வாய்ப்பே கிடையாது. அதற்குள் குவைத்திலிருந்து அவன் மாமா விசாவையும் அனுப்பிவிட்டார்.

ஒருநாள் அவனுடைய அத்தா, அதாவது அப்பா, மாடியேறி வந்தார். பாதி ஆயுளைக் குவைத்தில் கழித்தவர். வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம் நம் நாட்டுக்கு எவ்வளவு பெரிய பலம் என்று முந்தின வாரம் நான் முழங்கியதை, பையன் வீட்டில் அப்படியே ஒப்பித்திருக்கிறான். பாடத்தை வீடுவரை கொண்டுபோகிற மாணவன் எனக்கு வாய்ப்பான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அத்தா சாந்தமாகத்தான் கேட்டார். “அப்ப நான் பண்ணுனதும் தேச சேவதான சார்? ஏர்போர்ட்ல எனக்கு ஏன் யாரும் சல்யூட் அடிக்கல?”

உளுந்து காயும் நாலுவழி

ஓடிப் பழக இடம் வேண்டுமே! சிதம்பரத்துக்குள் ஓடினால் ஆட்டோ இடிக்கும். புவனகிரிப் பக்கம் ஒரு புது பைபாஸ், வேலையெல்லாம் முடிந்தும் திறப்பு விழாவுக்கு நாள் கிடைக்காமல் படுத்துக் கிடந்தது. ஒரு பக்கம் அன்வரும் அவனோடு எழுத்துத் தேர்வில் தேறிய எங்கள் பையன்களும் ஓடினார்கள். மறுபக்கம் ஊர்ச்சனம் உளுந்து காயவைத்தார்கள். நடுவில் ஆடுகள். வண்டியே வராமல் இத்தனை பேருக்கு உபயோகமான சாலையை நான் பார்த்ததில்லை.

ஒருநாள் ஜீப்பில் வந்த அதிகாரி ஒருவர், அரசாங்க ரோட்டில் உளுந்தா என்று குதித்தார். உளுந்தைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிரக்கூட இல்லை. “தெறக்குற அன்னிக்கு சொல்லியனுப்பு சார், வாரிக்கிறோம். அதுவரிக்கும் அந்தாண்ட ஓரமா போ, டயருல உளுந்து நசுங்குது.”

நம்மூர்க் காற்று

ஓட்டப் பயிற்சி தருகிறவர் ஓய்வுபெற்ற ஹவில்தார். போனில் தூரம் அளக்கலாம் என்று பையன்கள் சொன்னதுதான் தாமதம், எல்லாப் போனையும் பிடுங்கி என் பையில் போட்டார். போனை நம்பினவன் பட்டாளத்துக்கு லாயக்கில்லையாம். பைபாஸ் ஓரத்தில் இருநூறு மீட்டருக்கு ஒன்றாகச் சின்னக் கற்கள் நட்டிருந்தார்கள். பைபாஸ் தொடங்கும் இடத்திலிருந்து எட்டுக் கல் ஓடினால் ஆயிரத்து அறுநூறு, அவ்வளவுதான் கணக்கு.

அன்வர் ஐந்தே நிமிடத்தில் எட்டாவது கல்லைத் தொட்டான். மற்றவர்களும் ஐந்தரைக்குள் வந்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வருஷ விளம்பர போர்டுக்கு வாசகமே யோசித்துவிட்டேன். ஹவில்தார் மீசையைத் தடவிக்கொண்டார். “காஷ்மீர்லேர்ந்து அஸ்ஸாம் வரிக்கும் பாத்துட்டேன் சார். நம்மூரு காத்துல என்னமோ இருக்கு, பசங்க பறக்குறானுவ.”

கயிற்றுக்கு இந்தப் பக்கம்

ஆள்சேர்ப்பு முகாம் கடலூரில். விடியற்காலையிலேயே மைதானத்துக்கு வெளியே நான், ஹவில்தார், அன்வரின் அத்தா மூவரும் நின்றோம். அத்தா உதட்டுக்குள் துஆ ஓதிக்கொண்டிருந்தார். பையன் ஜெயிக்கவா, தோற்கவா என்று நான் கேட்கவில்லை.

எட்டாவது கல் வரவேண்டிய சமயத்தில் அன்வர் வழக்கம்போல் கடைசிப் பாய்ச்சல் பாய்ந்தான். முடிவுக் கோடு அங்கே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது, ஆனால் அவன் மூச்சு தீர்ந்துவிட்டது. ஐந்தரை நிமிடம் முடிந்ததும் விசில் ஊதி, பிந்தியவர்களை நிறுத்தக் கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள். அவன் இந்தப் பக்கம் நின்றுவிட்டான். எங்கள் பையன்கள் அத்தனை பேரும் இந்தப் பக்கம்தான். நான் அழுதுவிட்டேன் என்றே சொல்லலாம். அத்தா தன் தோள் துண்டால் மகனின் முகத்தைத் துடைத்தார். “அழாதப்பா. குவைத்துல ஓடவெல்லாம் வேணாம், வெயில்ல நின்னா போதும்.”

காணாமல் போன கல்

அடுத்த வாரம் அன்வர் அத்தாவின் பைக்கில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைபாஸுக்குப் போனான். அதே எட்டுக் கல்லை மீட்டர் பார்த்து ஓட்டினான். நம்பாமல் திரும்பவும் ஓட்டினான். அப்புறம் போனிலும் அளந்தோம். எல்லாமே ஆயிரத்து நானூறு என்றுதான் சொல்லின. ஒவ்வொரு கல்லுக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, மொத்தத்தில் ஒரு கல் தூரமே காணோம். நட்ட கான்ட்ராக்டர் அவசரத்தில் நட்டாரா, இல்லாத தூரத்துக்கும் பில் போட்டாரா, யாருக்குத் தெரியும்? ஆத்திரத்தில் அந்த எட்டாவது கல்லை ஓங்கி உதைத்தேன். கல் அசையவில்லை, எனக்குத்தான் கட்டைவிரல் வீங்கியது.

அன்வர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பைக்கை நிறுத்திவிட்டு அந்த வழவழப்பான சாலையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தான். “ஜல்லில கை வப்பாங்க, தாருல கை வப்பாங்க, அதெல்லாம் தெரியும் சார். தூரத்துலயுமா சார் கை வப்பாங்க?”

அன்வர் குவைத்துக்குப் போய்விட்டான். பொருளாதாரம், உள்கட்டமைப்பு, ராணுவம் மூன்றையும் தனித்தனிப் பாடமாக நடத்திவந்த நான் இப்போதெல்லாம் மூன்றையும் ஒரே வகுப்பில் முடித்துவிடுகிறேன்.