ஆளை எண்ணிப் பாத்தீங்களா?

உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய பிளாஸ்டிக் தட்டு, அதில் தொண்ணூற்றாறு சிறு குழிகள். அந்தத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தஞ்சாவூரில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் நடுவில் நான் ஆடாத குறையாக நின்ற ஒரு காலை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. பாதிக் குழிகள் வெளிறிய ஊதா. மறுபாதி நல்ல அடர்த்தியான கத்திரிப்பூ நிறம். ஆறு வருஷமாக நான் காத்துக் கிடந்த நிறம் அது. எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்பா, நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த மறுவாரமே என்னை டாக்டர் ஆக்கிவிட்டிருந்தார். ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் முழங்கால் வலியைச் சொல்லி மாத்திரை கேட்பார். நான் அந்த டாக்டர் இல்லை, இன்னும் இந்த டாக்டரும் ஆகவில்லை என்று விளக்கியே எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

என் வேலை இன்னதென்று சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோயாளிகளின் காலில் வரும் ஆறாத புண்ணின்மேல் ஒட்டுவதற்காக ஒரு பாலிமர்ப் படலம் செய்துகொண்டிருந்தேன். புண் ஆற வேண்டுமானால் தோலின் செல்கள் சுறுசுறுப்பாக இயங்க வேண்டும். எழுந்திரு, வேலையைப் பார் என்று அவற்றுக்குச் சேதி சொல்லும் புரதங்களை வளர்ச்சிக் காரணிகள் என்கிறோம். அவற்றைச் சும்மா நீரில் கலந்துவிட்டால் செல் விழுங்கிவிடும். விழுங்கியதோடு சேதியும் முடிந்துபோகும். படலத்திலேயே அசையாமல் ஒட்டவைத்துவிட்டால் விழுங்க முடியாது. செல் அவற்றைத் தொட்டுக்கொண்டே இருக்கும், சேதியும் வந்துகொண்டே இருக்கும். அழைப்பு மணியில் வைத்த விரலை எடுக்காத பிள்ளையைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இதன் பலனை அளக்க ஒரு மஞ்சள் சாயம் உண்டு. உயிருள்ள செல்கள் சர்க்கரையைத் தின்று, எரித்து, இயங்கும்போது அந்தச் சாயத்தை ஊதாவாக்கும். ஊதா எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு செல்கள் என்று எடுத்துக்கொள்வது எங்கள் துறையில் பலருக்கும் பழகிப்போன வழக்கம். காரணி ஒட்டவைத்த பாதியில் எனக்கு அடர்த்தி இரண்டு மடங்கு வந்திருந்தது. ஆகவே செல்கள் இரண்டு மடங்கு பெருகிவிட்டன என்று ஆய்வேட்டில் எழுதி முடித்தேன். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு அந்த மாதத்தோடு தீர்கிறது. விட்டால் பதிவு ரத்து, ஆறு வருஷமும் போயே போச்சு.

எங்கள் கூடத்தின் டெக்னீஷியன் என்னைவிட நான்கு வயது இளையவள். நீடாமங்கலத்திலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வருவாள். அவள் அம்மா ஊரில் ஒரு நடவுக் கூட்டத்துக்குத் தலைவி. வயலுக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகிறவர். அந்த வீட்டில் முதலில் பி.எஸ்ஸி. படித்தவள் இவள். செல்களுக்கு ஊட்டநீர் மாற்றுவது இவள் பொறுப்பு, அதற்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மாற்றும்போது, "வாங்க வாங்க, சாப்பிடலாம்" என்று செல்களைக் கூப்பிடுவாள். நானோ அவை செத்துப்போகும் நாட்களில் சனியனே என்று திட்டுகிறவள். அவள் கையில் மட்டும் அவை ஏன் செழித்தன என்று எனக்கு விளங்கியதே இல்லை.

அன்று காலை அவளும் அந்தத் தட்டைப் பார்த்தாள். துள்ளுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு, "ஆளை எண்ணிப் பாத்தீங்களாக்கா?" என்றாள். கொஞ்ச நாளாகவே அவளுக்கு அந்த உறுத்தல் இருந்திருக்கிறது. ஊட்டநீர் இளஞ்சிவப்பாக இருக்கும். செல்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கழிக்கக் கழிக்க அது மஞ்சளாகும். காரணி ஒட்டவைத்த படலங்களில் ஒரே நாளில் மஞ்சளாகிவிடுகிறதாம், மற்றவற்றில் இரண்டு நாளாகிறதாம். ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு பக்கமும் கூட்டம் ஒன்றுபோலத்தான் தெரிகிறதாம். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! உனக்கு ஊற்றுகிற வேலைதானே, அதை மட்டும் பார் என்று வாயை விட்டுவிட்டேன். அவள், சரிங்கக்கா என்று சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போய்விட்டாள். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவளுடைய ரயில் வருவதற்கு முன்பே போய், செல்களைப் படலத்திலிருந்து பிரித்து, கட்டம் போட்ட கண்ணாடிச் சில்லில் விட்டு, ஒவ்வொன்றாக எண்ணினேன். மூன்று தடவை எண்ணினேன். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. செல்கள் பெருகவே இல்லை; நான் எழுதியது அத்தனையும் தப்பு. அந்த நேரம் பார்த்து அவள் உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் பையை வைத்துவிட்டு, அடுத்த மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்து அவளும் எண்ணினாள். நான்தான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு.

"ஆளு கூடலக்கா. அப்ப இருக்கறவங்க ரெண்டு மடங்கு வேலை பாக்கறாங்க. என்ன வேலைன்னு பாத்துருவோமா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நேற்றுச் சொன்னதற்கு மன்னித்துக்கொள் என்றேன். எங்கம்மா திட்டாத திட்டா என்று கையை வீசிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டாள். என் ஆய்வு நெறியாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நானும்தானேம்மா எண்ணவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த இருபது நாள் நாங்கள் மூவரும் பேய் பிடித்தவர்களாக வேலை செய்தோம். ஊட்டநீரில் எவ்வளவு சர்க்கரை குறைந்தது, எவ்வளவு அமிலம் சேர்ந்தது என்று அளந்து, செல்களின் எண்ணிக்கையால் வகுத்தோம். ஒவ்வொரு செல்லும் இரண்டு மடங்கு தின்றுகொண்டிருந்தது. தின்று என்ன செய்கிறது என்று பார்த்தால், புண்ணை மூடுவதற்கான கொலாஜன் நாரைச் செய்து குவித்துக்கொண்டிருந்தது. புண்ணுக்கு வேண்டியதும் அதுதானே! அன்று மூவரும் கேன்டீனில் ரவாதோசை தின்றோம். வாழ்க்கையில் அப்படி ஒரு ருசி அதற்கு முன்பு கண்டதில்லை. தலைப்பில் செல் பெருக்கம் என்றிருந்ததை அடித்துவிட்டு வளர்சிதைமாற்றம் என்று எழுதி, கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கொடுத்துவிட்டேன்.

ஆனால் ஒரு கள்ளம் செய்தேன். உறுதிப்படுத்திக்கொள்வதற்காகச் செல்கள் எண்ணப்பட்டன என்று பூசி மெழுகினாற்போல் எழுதியிருந்தேன். நன்றியுரையில் ஆய்வுக்கூடப் பணியாளர்கள் அனைவருக்கும் என்று ஒரு வரி, அவ்வளவுதான். என் பிழையை ஒரு டெக்னீஷியன் கண்டுபிடித்தாள் என்று தெரிந்தால் பட்டம் தருவார்களா என்று பயம்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து தேர்வாளராக ஓர் அம்மையார் வந்திருந்தார். மூன்றாம் வரிசையில் அப்பா சலவை வேட்டியில். கடைசி வரிசையில் கதவோரம் அவள். எல்லாரும் சாயத்தையே எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ளும்போது நீங்கள் மட்டும் ஏன் தனியாக எண்ணினீர்கள் என்று அம்மையார் கேட்டார். வீட்டில் ஒத்திகை பார்த்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. அவளைப் பார்த்தேன், நான் திக்கிவிடக் கூடாதே என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அதற்குமேல் பொய் வரவில்லை. எண்ணச் சொன்னது அவள், அதற்காக அவளை நான் திட்டினேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மையார் கடைசி வரிசையைப் பார்த்து, உனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டார். அவள் எழுந்து நின்றாள்.

"எங்கம்மாவும் பன்னண்டு பொம்பளைங்களும் நடவு நட்டாங்க மேடம். அன்னைக்குச் சாயங்காலம் ஊர்ல தேரு, போவணும்னு பறந்து பறந்து நட்டாங்க. நெலத்துக்காரரு நட்டதத் தூரத்துலேந்து பாத்துட்டு, இருபத்தாறு பேருன்னு நெனச்சு அத்தனை டீ வாங்கிட்டு வந்துட்டாரு. ஆளுக்கு ரெண்டு குடிச்சாங்க. அதுலேந்து எங்கம்மா வரப்புல வச்சே ஆளை எண்ணிச் சொல்லிட்டுதான் எறங்கும்."

கூடமே சிரித்தது. அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "இது ஆய்வேட்டுல இல்லையே. எழுதிட்டு வாங்க, அப்புறம் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

இப்போது நான் பட்டுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். என் மாணவிகள் அந்த ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, அச்சில் ஒரு பக்கத்தில் மட்டும் ஏன் பேனாத் திருத்தம் என்று கேட்பார்கள். தேர்வு நாளன்று அடுத்த அறைக்கு ஓடி அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்தேன். இனிஷியலோடு அவள் பெயர், அவள் கண்டது, நான் திட்டியது, அந்தப் பன்னிரண்டு பெண்கள், டீ எல்லாம் எழுதி, முதலில் அவளிடம்தான் நீட்டினேன். விரலை வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"பதிமூணுக்கா. எங்கம்மாவ எண்ணாம விட்டுட்டீங்க."

பேனாவை வாங்கி நான் திருத்தினேன். அம்மையார் அதன் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார், நான் டாக்டரானேன்.