அத்தா அனுப்பிய கேசட்டுகளும் நான் கேட்ட சி.டி. பிளேயரும்

அத்தாவின் குரலுக்கு முன்னால் ஏ.சி. மெஷினின் உறுமல் கேட்கும். பிறகு ஒரு இருமல். அதற்குப் பிறகுதான் "அஸ்ஸலாமு அலைக்கும், நல்லா இருக்கீங்களா" என்று ஆரம்பிப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் அத்தா சார்ஜாவில் இருந்தார். நானும் அம்மாவும் மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு மாடி வீட்டில். மாதம் ஒரு கேசட், அங்கிருந்து வருகிற யார் கையிலாவது வந்து சேரும். நான் ஸ்கூலுக்குப் போன பிறகு அம்மா முதலில் தனியாகக் கேட்பாள். சாயங்காலம் எனக்கானதை மட்டும் ஓட்டிக் காட்டுவாள்.

பதிலும் கேசட்டில்தான். கடைசி ஐந்து நிமிடம் என்னுடையது. அப்போது அம்மா வெளியே போய்விட வேண்டும். அது எங்கள் வீட்டுச் சட்டம்.

நான் பத்தாவது பாஸானதும் வந்த கேசட்டில் அத்தா சொன்னார்.

"நம்ம டேப் ரெக்கார்டர் இழுக்குதுன்னு அம்மா சொன்னா. இங்க கையடக்கமா ரெண்டு பாத்தேன். ஒண்ணு கேசட் போடுறது, பேசியும் பதியலாம். இன்னொண்ணு டிஜிட்டலு, சி.டி. போடுறது. எது வேணும்னு நீயே சொல்லும்மா."

அம்மா எதையும் யோசிக்கவில்லை. "கேசட்டுதான்னு சொல்லிடு" என்றுவிட்டு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டாள்.

எனக்கோ என் வகுப்பில் அடையாறிலிருந்து வரும் ஒருத்தி சொன்னது காதிலேயே இருந்தது. "கேசட்லாம் இனிமே குப்பைக்குதான்டி." அவளிடம் சி.டி. பிளேயர் இருந்தது.

மைக்கை வாயோடு ஒட்டி வைத்து, "அத்தா, டிஜிட்டல்" என்றேன். அவ்வளவுதான். அதற்கு மேல் பேசப் பயம்.

இரண்டு மாதத்தில் வந்தது. வெள்ளி நிறம், வட்டமாக, கூடவே ஒரே ஒரு சி.டி. அம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கேசட்டு எங்க போடுறது?" என்றாள். "கடையில மாத்திக் குடுத்துட்டாங்க போல" என்று அவளே முடித்துக்கொண்டாள்.

சத்தம் என்னவோ கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் நடந்தால் பாட்டு குதிக்கும். நிரம்பிய நோன்புக்கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போவது போல, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மெதுவாக நடப்பேன்...

அதே மாதம் பழைய டேப் ரெக்கார்டர் நின்றுபோனது.

லஸ் பக்கத்து ரிப்பேர் கடைக்காரர் திறந்து பார்த்தார். "மோட்டார் பூட்ச்சும்மா. வேற மோட்டாருக்கு சொல்லி வெச்சிக்கீறேன், அடுத்த வாரம் வா." ஒவ்வொரு வாரமும் அதே அடுத்த வாரம்.

அத்தாவின் புதுக் கேசட் வந்தது. கீழ் வீட்டு மாமி, "எங்காத்துல இருக்கே, வந்து போட்டுக் கேளுங்கோ. நாங்க யாரும் காது குடுக்க மாட்டோம்" என்று கூப்பிட்டாள். போனோம். கூடத்தில் மாமா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஏ.சி. உறுமல். இருமல். சலாம். பிறகு, "நேத்து உன்னைய கனவுல..."

அம்மா பட்டனை அமுக்கிவிட்டாள். மாமாவின் பேப்பர் அசையவே இல்லை. மாமி காபி கொடுத்தாள். குடித்துவிட்டு மேலே வந்தோம்.

அதற்குப் பிறகு வந்த கேசட்டுகளை அம்மா பிரிக்கக்கூட இல்லை. பீரோவில் அவள் புடவைகளுக்கு நடுவே வைத்துவிட்டு, கேட்டாயிற்று என்று அத்தாவுக்கு லெட்டர் போட்டாள். "ரெக்கார்டர் போனதை நீயும் எழுதாத. அங்க ஒண்டியா கிடக்குற மனுசன், வருத்தப்படுவாரு."

லீவு நாட்களில் மத்தியான வேளையில் அவள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஒரு ராத்திரி அவள் தூங்கிய பிறகு, சமையலறை விளக்கில் அத்தாவுக்கு எழுதினேன். அம்மா கேட்டது வேறு, நான்தான் மாற்றிச் சொன்னேன், மன்னித்துவிடுங்கள், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

லெட்டரைப் பெட்டியில் போட்ட பிறகுதான் உறைத்தது. அத்தா கேசட்டில்தானே பதில் சொல்வார்? கேசட்டை அம்மாதானே முதலில் கேட்பாள்?

மூன்றாவது கேசட் வந்தது. அதுவும் புடவைகளுக்கு நடுவே போனது. ரிப்பேர் கடைக்கு என்னை அனுப்பும்போதெல்லாம், மோட்டார் வந்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே போனேன்.

பெருநாளுக்கு அத்தாவே வந்துவிட்டார். சட்டை எடுக்க பீரோவைத் திறந்தவர், கேசட்டுகளோடு திரும்பினார்.

"என்ன இது? கேட்டேன்னு எழுதியிருந்தியே?"

"சும்மா எழுதினேன். அதான் நீங்களே வந்துட்டீங்கள்ல. நேர்ல சொல்லுங்க."

அத்தா கழுத்தைச் சொறிந்துகொண்டார். "புள்ள நிக்குது."

நான் அழ ஆரம்பித்தேன். நான்தான் டிஜிட்டல் கேட்டேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன்.

"தெரியும்டி" என்றாள் அம்மா. "பதிஞ்சிருக்கான்னு ஓட்டிப் பாக்காமயா கவரை ஒட்டுவேன்? வாயத் தொறந்து நீ கேட்டதே அது ஒண்ணுதான். அழிக்க மனசு வரல."

இப்போது என் மகள் வெளியூரில் படிக்கிறாள். தினம் நாலு வாய்ஸ் மெசேஜ் வரும். பஸ்ஸில் நின்றபடி, வேகத்தைக் கூட்டிவிட்டுக் கேட்டு முடித்துவிடுகிறேன். எதுவும் மீதி இருப்பதில்லை.

அத்தா தவறிப்போய் ஆறு வருடம் ஆகிறது. இன்னும் கேட்காமலே பீரோவில் இருக்கும் அந்தக் கேசட்டுகளைப் போனில் கேட்கிற மாதிரி மாற்றித் தருகிறேன் என்று போன மாதம் மகள் சொன்னாள். அம்மாவிடம் கேட்டேன்.

"இருக்கட்டும்டி. அவரு இன்னும் சொல்லி முடிக்கலன்னு நெனச்சுக்கிறேன்."