இல்லாத தம்பிக்கு வந்த கோழிக் குழம்பு

எனக்கு ஒன்பது வயது நடந்த வருடம், கோடை விடுமுறை முழுக்க நான் பொய் சொல்லிச் சாப்பிட்டேன்.

அப்பா திண்டுக்கல்லில் பள்ளிக்கூட வாத்தியார். பள்ளிக்கூடம் பூட்டினால் சத்துணவும் நின்றுவிடும். ஜூனில் திரும்பி வரும்போது சில பிள்ளைகளுக்குப் பாவாடை இடுப்பில் நிற்பதில்லை என்று வருடா வருடம் வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வருடம் சொன்னதோடு நிற்கவில்லை. வேடசந்தூர் போகிற வழியில் ஒரு ஊர். அங்கே தாய்மார்கள் விடியற்காலையில் மில் பஸ் ஏறிவிட்டால் பிள்ளைகள் பொழுதுக்கும் தனியாகத்தான் கிடக்கும். அந்த ஊர் மாதா கோயில் கூடத்தைப் பங்குச் சாமியாரிடம் கேட்டு வாங்கி, தெரிந்தவர்களிடம் அரிசி பருப்பு திரட்டி, மே மாதம் முழுக்க மத்தியானச் சாப்பாடு போட்டார். எந்தப் பிள்ளையும் வரலாம், வயிறு நிறையச் சாப்பிடலாம்.

என்னையும் தினமும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பிள்ளைகள் வருவதற்கு முன்பே போய்விடுவோம், அவர்கள் போன பிறகுதான் கிளம்புவோம். நானும் வரிசையில் தரையில் உட்கார வேண்டும், தட்டை நானே கழுவ வேண்டும். வீட்டில் அம்மா மீன் குழம்பு வைத்திருக்க, எனக்கு ஏன் இந்தத் தண்டனை என்று தெரியவில்லை.

இரண்டாவது நாள் என் பக்கத்தில் பாண்டீஸ்வரி வந்து உட்கார்ந்தாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒங்கம்மாவும் மில்லுக்குத்தான் போகுதா?" என்று கேட்டாள். அந்த வரிசையில் யாருக்குமே அம்மா வீட்டில் இல்லை. எனக்கு மட்டும் இருப்பது என்னவோ குறைபோலப் பட்டது. ஆமாம் என்றேன்.

ஒரு பொய் சொன்னபின் அடுத்தது தானாக வந்தது. அம்மாவுக்கு நைட் ஷிப்ட். ராத்திரிக்கு வீட்டில் ஒன்றும் இருக்காது, தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்போம். இவ்வளவு துக்கத்துக்கு நான் ஒருத்தி மட்டும் போதாது என்று தோன்றியதால் ஒரு தம்பியையும் உண்டாக்கினேன். பேர் அருள், வயது மூன்று, இன்னும் பல் சரியாக முளைக்கவில்லை. பாண்டீஸ்வரி கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து, முட்டை போடும் நாட்களில் தன் முட்டையில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள். நானும் தின்றேன்.

அப்பா சாம்பார் வாளியோடு வரும்போது மற்றவர்களைப் போலவே நானும் அவரை 'சார்' என்று கூப்பிட்டேன். மகள் இவ்வளவு பண்பாக வளர்ந்துவிட்டாளே என்று அவருக்குப் பெருமை. அம்மாவிடம் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

மாதக் கடைசியில் ஒரு நாள், பந்தி முடிகிற நேரத்தில் பாண்டீஸ்வரி தன் அம்மாவோடு வந்தாள். அந்த அம்மாவின் கையில் ஒரு தூக்குவாளி. நேரே என்னிடம் வந்து குனிந்து, "நீதானா ஆத்தா அது? தம்பியக் கூட்டியாரலயா? கோழிக் குழம்பு வச்சாந்திருக்கேன். ராத்திரிக்கு வச்சு ரெண்டு பேரும் சாப்பிடுங்க. அவனுக்கு ஒறைக்காம பெசைஞ்சு குடு" என்றாள்.

அதற்குள் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். சிரித்தபடி, "இது எம்மகதாம்மா. ஒரே பிள்ளை" என்றார்.

பாண்டீஸ்வரி என்னைப் பார்த்தாள், பிறகு தன் அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மாவின் கண்கள் என் முகத்தில் செத்த நேரம் நின்றன. அப்புறம் நிமிர்ந்து அப்பாவிடம், "தெரியும் சார். ரெண்டும் அம்புட்டு சிநேகிதமாயிருச்சுக. அதான் கொண்டாந்தேன்" என்றாள்.

அப்பா பதறினார். "எதுக்கும்மா ஒங்களுக்குச் சிரமம்? பிள்ளைகளுக்கு வீட்டுல குடுங்க."

"ஒரு மாசமா எம்புள்ள ஒங்க கையால சாப்பிடுது. ஒருநா எங்க வீட்டுக் குழம்ப ஒங்க புள்ள சாப்பிட்டா ஆகாதா சார்?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அப்பா இரண்டு கையாலும் தூக்குவாளியை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மூன்று பேருமாகச் சாப்பிட்டோம். நல்ல காரம். அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தட்டில் ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார். தம்பியைப் பற்றி அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் பாண்டீஸ்வரி வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள், என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். தட்டுக் கழுவும்போது, "அப்ப அருளுன்னு யாருமே இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நெசமாவே இல்லையா?" என்று இன்னொரு முறை கேட்டாள். என்மேல் இருந்த கோபத்தைவிட, அவன் இல்லாமல் போனதுதான் அவளுக்குப் பெரிய வருத்தமாக இருந்தது.

அப்பாவிடம் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்ததே அன்றைக்கு எனக்குப் பெரிதாக இருந்தது. இப்போது நினைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் வருவது அந்த அம்மா வந்து நின்ற கோலம். மற்றத் தாய்மார்கள் பிள்ளையைக் கூப்பிட வந்தால் வாசலோடு நின்று, ஒதுங்கிக் குரல் கொடுப்பார்கள். இவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தின் நடுவே நடந்து வந்தாள். அது அவளுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே லீவு நாள். தலைக்குக் குளித்து, மடிப்புக் கலையாத பச்சைச் சேலை கட்டி, கொண்டை நிறைய மல்லிகைப்பூ வைத்திருந்தாள்.

எங்கேயோ கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில் வந்திருக்கிறாள் என்றுதான் நான் அன்று நினைத்துக்கொண்டேன்.