பூட்டைத் திறந்தது நான்தான், ஷாகுல் பாய்

பேசின் பிரிட்ஜில் வண்டி மாறுவதற்காக நின்றிருந்தபோது கைபேசி அடித்தது. ஷாகுல் பாயின் மைத்துனர் பேசினார். "சாமி, மச்சான் பூட்டாருங்க." எங்கே போனார் என்று கேட்டேன். அந்த நேரத்தில் என் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது. "நேத்து சாயங்காலம் மார் வலிக்குதுன்னு கடையிலயே குந்துனாரு. எழுந்துக்கவே இல்ல. இன்னிக்கு மத்தியான லுஹர் தொழுகைக்கு அப்புறம் பழவேற்காட்டுல அடக்கம். வந்துடுங்க" என்றார். கும்மிடிப்பூண்டி வண்டி வந்தது, நின்றது, போனது. நான் நடைமேடையிலேயே நின்றேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்வந்தவர்கள், போகிற வழியில் அவர் கடையில் நின்றவர்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் உங்களிடம் நான் ஒரு பேச்சைப் பரப்பினேன். அது பாதிப் பேச்சு. மீதியை அவர் உயிரோடு இருக்கும்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்லி என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். கேளுங்கள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொழிற்பேட்டைக்குத் திரும்பும் சாலையில், டீக்கடைக்குப் பக்கத்தில் அவருடைய கடை. கம்ப்யூட்டர் ரிப்பேர், ரேடியோ ரிப்பேர் எல்லாம் உண்டு. ஆனால் இந்தப் பக்கத்திலேயே மினிடிஸ்க் என்கிற சாமானைத் தொடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் அகலமான பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு குட்டி வட்டு இருக்கும். அதைச் சட்டைப் பையில் அடங்குகிற கருவியில் போட்டால் பாட்டுக் கேட்கலாம், மைக் செருகிப் பேச்சும் பதியலாம். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவந்து தருவார்கள். நம் ஊரில் அது செத்துப்போனால் எடுத்துக்கொண்டு போக வேறு இடம் கிடையாது.

அவர் வைத்தியம் பார்க்கிற அழகே தனி. கவரைப்பேட்டைக்காரர் ஒருவர் கருவி செத்துவிட்டது என்று மூன்று முறை வந்தார். மூன்று முறையும் பட்டன்களை முடக்கி வைக்கிற 'ஹோல்ட்' விசையை ஒரு தள்ளு தள்ளி, "உசுரு வந்துட்ச்சி, எட்த்துக்கினு போ" என்று கொடுத்தனுப்பினார். கம்ப்யூட்டரிலிருந்து வட்டுக்குப் பாட்டு அனுப்புகிற சாஃப்ட்வேர்தான் அவருக்குத் தலைவலி. ஒரு பாட்டை மூன்று வட்டுக்குத்தான் அனுப்பும். நாலாவதுக்கு வேண்டுமென்றால் பழைய வட்டிலிருந்து திருப்பிக் கொடு என்று கேட்கும். நடுவில் கேபிள் அசைந்தால் மொத்தமும் உறைந்து நிற்கும். "மாமியா ஊட்டு கணக்கா இம்மாம் ரூல்ஸா?" என்று திட்டிவிட்டு, கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துக்கு வருவார்: "பார்மட் அட்ச்சிடலாம்." அந்தக் காலத்தில் எந்தக் கம்ப்யூட்டர் கடையில்தான் வேறு மருந்து இருந்தது!

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எந்தக் கருவியை விற்றாலும், அதில் ஒரு வட்டைப் போட்டு, மைக்கைக் கடை மேசைமேல் வைத்து, வட்டு தீருகிற வரை பதியவிடுவார். நடுவில் நிற்காமல் ஓடினால்தான் கொடுப்பார். அப்புறம் அழித்துவிட்டு அதே வட்டைக் கருவியோடு சேர்த்துத் தருவார். "கடசி வரிக்கும் ஓடணும் சாமி. பாதி தூரம் ஓடறதெல்லாம் மிஷினா?" என்பார். நான் கருவிக்குச் சொல்லி வைத்திருந்த அன்று, மில்லிலிருந்து அவருக்கு எத்தனை போன் போட்டேன் என்று எனக்கே நினைவில்லை. பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. எங்கள் வீட்டில் அப்பாவும் அண்ணாவும் திருவள்ளூர்க் கோயில் கைங்கர்யத்தில் இருக்க, நான் ரோலிங் மில்லில் இரும்பைச் சோதிக்கிற வேலைக்கு வந்ததே இந்த அவசர புத்தியால்தான்.

அந்தக் கருவியை நான் வாங்கியது பாட்டுக் கேட்பதற்கு. ஏழு மாதத்தில் அதற்கு வேறு வேலை வந்தது. என் மனைவி வைதேகிக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் பெண் கோதைக்கு அப்போது மூன்று வயது. "இவளுக்கு என் குரல் ஞாபகம் இருக்குமோன்னோ?" என்று வைதேகி கேட்டாள். நான் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டேன். அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. ஆபரேஷனுக்கு முதல்நாள் மத்தியானம், கருவியோடு வந்த புத்தகத்தைப் படித்து, கூடவே வந்த வட்டைப் போட்டு, மைக்கைச் செருகி, முப்பத்தெட்டு நிமிடம் பேசினாள். குழந்தையைக் கூப்பிடுவது, பல் தேய்க்கச் சொல்லி மிரட்டுவது, தாலாட்டு, என்னைத் திட்டுவது எல்லாம் அதில் இருந்தன. பேசி முடித்ததும் வட்டின் ஓரத்தில் இருக்கிற சின்னப் பூட்டைத் தள்ளி மூடினாள். அது மூடியிருந்தால் வட்டில் யாரும் எதையும் அழிக்கவோ எழுதவோ முடியாது.

ஆபரேஷன் முடிந்தது. அவளுக்கு உயிர் இருந்தது, குரல் போனது. சிலேட்டில் எழுதிக் காட்டுவாள். இருக்கிற ஒரே வட்டும் கெட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு. கம்ப்யூட்டரில் ஏற்றி சி.டி. போட்டுக்கொள்ளலாம் என்று பாய் கடைக்கு எடுத்துப் போனேன். கேபிளைச் செருகினார். அந்தச் சனியன் பிடித்த சாஃப்ட்வேருக்குப் பாட்டை வட்டுக்குள் அனுப்பத்தான் தெரியும், வெளியே எடுக்கத் தெரியாது என்பது அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. திரையில் வட்டு பூட்டியிருக்கிறது என்று வந்தது.

"லாக்கு கீது சாமி. எடுத்தா நல்லா இருக்குமா? எனக்கு டவுட்டா கீது" என்றார் பாய்.

"எனக்கு அஞ்சு இருபது வண்டி. டவுட்டெல்லாம் அப்புறம் படுங்கோ" என்று வட்டைப் பிடுங்கி, நகத்தால் அந்தப் பூட்டைத் தள்ளித் திறந்தேன். நான்தான் திறந்தேன். இதைத்தான் உங்களிடம் சொல்லாமல் விட்டேன்.

திரை ஒரு நிமிடம் உறைந்தது. பிறகு ஒரு பெட்டி எழுந்து ஏதோ கேட்டது. தினம் நூறு தடவை அழுத்துகிற பாயின் கை, ஓகேயை அழுத்தியது. கருவியின் சின்னக் கண்ணாடியில் 'பிளாங்க் டிஸ்க்' என்று வந்தது. வெற்று வட்டு.

அதற்கப்புறம் நான் பேசியதை எழுதக் கூசுகிறது. "உன் பொண்டாட்டி குரலா இருந்தா இப்படி அழிப்பியாடா?" என்று கத்தினேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவரை 'டா' போட்டேன். டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் மில் கேன்டீனில் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னேன்: "அந்தக் கடைப் பக்கம் போகாதீங்க. என் மனைவியோட குரலை அழிச்சவன்." உங்களில் பலர் போவதை நிறுத்திவிட்டீர்கள். கேட்டவர்களிடம் அவர் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: "ஆமா, என் கைதான் அழுத்துச்சி." பூட்டைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

வீட்டில் வைதேகியிடம் சொன்ன அன்று, அவள் சிலேட்டை எடுத்தாள், எதுவும் எழுதாமல் கீழே வைத்தாள். கோதை தொலைபேசியை எடுத்து "அம்மா, பேசு" என்று விளையாடிக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் எதற்கு எழுந்திருக்கிறோம், எதற்குச் சாப்பிடுகிறோம் என்றே எனக்குத் தெரியவில்லை. ரயிலில் எந்த அம்மாவாவது குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு பெட்டிக்குப் போய்விடுவேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஷாகுல் பாய் நின்றார். கும்மிடிப்பூண்டியில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, திருவள்ளூர் வந்து, கோயில் தெருவில் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். கையில் ஒரு பை. நான் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. வைதேகிதான் என்னைத் தள்ளிவிட்டு அவரைக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள்.

"குரலு எங்கியும் போவல தங்கச்சி" என்றார் அவளிடம். "வட்டுக்குள்ளயே கீது. எது எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு ஓரத்துல ஒரு அட்டவணை இருக்கும். அதுதான் அழிஞ்சிட்ச்சி. அட்டவணை இல்லாத மிஷினுக்குக் கண்ணு தெரியாது. வேற வட்டோட அட்டவணைய இதுல எழுதிட்டா தெரியும்."

வெளிநாட்டுக்காரர்கள் இன்டர்நெட்டில் எழுதிவைத்ததை, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்திருக்கிறார். இங்கிலீஷ் தெரியாத இடத்தில் பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டிருக்கிறார். மூன்று வாரமாகத் தன்னுடைய பாட்டு வட்டுகளை ஒவ்வொன்றாக அழித்து, திரும்பக் கொண்டுவந்து பழகியிருக்கிறார். முதலில் கடைசிவரை பதிந்த வேறொரு வட்டைக் கருவியில் போட வேண்டும். கருவி அதன் அட்டவணையை மனதில் வாங்கிக்கொள்ளும். அப்புறம் மூடி திறந்ததே கருவிக்குத் தெரியாதபடி மூடியின் விசையைத் தீக்குச்சியால் அழுத்திப் பிடித்து, அழிந்த வட்டை மாற்றிப் போட வேண்டும். பிறகு வட்டின் பெயர் என்று ஒரு எழுத்தைத் தட்டினால், மனதில் இருக்கிற அட்டவணையை அழிந்த வட்டில் எழுதிவிடும். கை தவறிப் பதிவு பட்டனில் பட்டால் அவ்வளவுதான்.

வைதேகி கருவியையும் வட்டையும் எடுத்துவந்து கொடுத்தாள். பாய் தீக்குச்சியை வைத்தார். வட்டை மாற்றினார். அவர் நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. எழுதி முடித்து, ஹெட்போனை என்னிடம் நீட்டினார். காதில் வைத்தேன். குருவிகள் கூட்டமாகக் கத்துகிற மாதிரி, துண்டு துண்டாக, வேகவேகமாக ஏதோ சத்தம். வைதேகி அதில் இல்லை. "போச்சு, எல்லாம் போச்சு" என்று ஹெட்போனை வீசினேன். பாய் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா, நான் இன்னா பண்ணிட்டேன்" என்றார். அந்த மனிதர் அழுததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

வைதேகி ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். சிலேட்டில் எழுதி எங்கள் முகத்துக்கு நேரே பிடித்தாள்: 'மோனோ.'

பாய் துள்ளி எழுந்தார். வெறும் பேச்சுக்கு, இரண்டு காதுக்கும் ஒரே ஒலியைப் பதிகிற மோனோவில் வைத்தால் போதும், நேரம் ரெட்டிப்பாகக் கிடைக்கும் என்று கருவியை அப்படி வைத்துக் கொடுத்ததே அவர்தான். பழகியதெல்லாம் ஸ்டீரியோ பாட்டில், அட்டவணை எடுத்த வட்டும் ஸ்டீரியோ, அதனால் மறந்துவிட்டார். மோனோவில் இன்னொரு வட்டை முழுக்கப் பதிய வேண்டும். இரண்டு மணி நாற்பது நிமிடம். வைதேகி பொங்கல் வைத்தாள். அவர் சாப்பிட்டார், நான் சாப்பிடவில்லை. மத்தியானம் மறுபடியும் தீக்குச்சி, மறுபடியும் வட்டு. இந்தத் தடவை ஹெட்போனை அவளிடம் கொடுத்தார்.

அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. பிறகு என் காதில் வைத்தாள். "கோதே, பல் தேச்சியாடி? பொய் சொன்னா அம்மாக்குத் தெரியும்." நான் வாய்விட்டு அழுதேன்.

பாய் வட்டை வெளியே எடுத்து என் கையில் வைத்தார். "லாக்க நீயே போடு சாமி" என்றார். அவ்வளவுதான். ஐந்து வருடத்தில் அந்தப் பூட்டைப் பற்றி அவர் பேசியது அந்த ஒரு தடவைதான். நான் பூட்டை மூடினேன். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன், "காபி சாப்பிடறேளா?" என்று கேட்டேன். தீபாவளிக்கு ஒரு டப்பா அதிரசம் கொடுத்தனுப்பினேன். வழியில் பார்த்தால் சிரித்தேன். மில்லில் பழைய பேச்சை ஒருவரிடமும் திருத்தவில்லை. திருத்தினால் பூட்டுக் கதையைச் சொல்ல வேண்டிவரும்.

பழவேற்காட்டில் அவருக்கு மண் போட்டுவிட்டு வந்த மறுநாள், அந்த வட்டைப் போட்டேன். வைதேகியின் பேச்சு எப்போதும் "போறும், நிறுத்திடறேன்" என்று முடியும். அந்த இடத்தில் நாங்கள் நிறுத்திவிடுவோம். அன்றைக்குப் பட்டனை அழுத்தக் கை எழவில்லை. ஒரு சொடுக்குச் சத்தம் கேட்டது. அப்புறம் பாதி வாக்கியத்தில் ஷாகுல் பாய்: "...தான் ஓட்டிக்கினு கீறேன் சாமி, பேஜாரு பண்ணாதே."

என் கருவியைச் சோதிக்க அவர் கடையில் முழுக்க ஓடவிட்ட அன்றைய பதிவு. அவர் அழித்தபோது போனது அட்டவணை மட்டும்தான்; வைதேகி அதன்மேல்தான் பேசியிருக்கிறாள். அவள் முப்பத்தெட்டு நிமிடத்தோடு நிறுத்திவிட்டாள். மீதி வட்டில் அவர் அப்படியே இருந்திருக்கிறார். முழு வட்டுக்கும் அட்டவணை எழுதியபோது தன்னையும் சேர்த்தே மீட்டிருக்கிறார், அது அவருக்கே தெரியாது. இரண்டு மணி நேரம். திருகாணி விழுகிற சத்தம், டீ கிளாஸ், லாரி ஹாரன். உங்களில் பல பேர் அதில் இருக்கிறீர்கள். கவரைப்பேட்டைக்காரர் 'ஹோல்ட்' விசைக்காக வந்திருக்கிறார். கேட்க வேண்டும் என்று தோன்றினால் திருவள்ளூருக்கு வாருங்கள்.

வட்டு தீருகிற இடத்தில் மறுபடியும் போன் அடிக்கிறது. மறுபடியும் நான்தான். "இன்னும் ரெண்டே நிமிசம் சாமி, ஓடிட்டா உன்னுது" என்று சொல்லிவிட்டு வைக்கிறார். கடையில் யாரோ சிரிக்கிறார்கள். "இன்னா பாய், இந்தாளு உசுர வாங்கறான்?"

"உடுப்பா. நல்ல மன்ஷன். கோவம் முன்னாடி வந்துடும், மன்ஷன் பின்னாடியே வந்துடுவான்."

வட்டு நின்றுவிட்டது.

வந்துவிட்டேன் பாய். ஐந்து வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் வந்துவிட்டேன்.