துணைக்கு வந்தவரின் நாற்காலி

என் அறையில், என் இருக்கைக்கு எதிரே, நோயாளிக்கு ஒன்றும் துணைக்கு வருபவருக்கு ஒன்றுமாக இரண்டு நாற்காலிகள் உண்டு. இரண்டாவதில் பெரும்பாலும் யாரும் அமர்வதில்லை. இங்கிலாந்தின் இச்சிற்றூருக்குப் பொது மருத்துவப் பயிற்சிக்காக வந்த நாள்முதல் அந்த வெறுமை என் கண்ணை உறுத்துகிறது. காரைக்குடியில் நான் பணிசெய்த மருத்துவமனைக்குக் காய்ச்சல் என்றாலும் குடும்பமே வண்டி பிடித்து வரும். நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு, "எங்ககிட்டச் சொல்லுங்க டாக்டர், அவுகளுக்குத் தெரிய வேணாம்" என்பார்கள். நாங்களும் அவ்வாறே சொல்வோம்.

சென்ற மாதம் இங்கே ஒரு முதியவரின் பரிசோதனை முடிவு வந்தது. நல்ல முடிவன்று. வெளியே அவர் மகள் காத்திருந்தாள். பழக்கத்தால் எழுந்து அவளை அழைக்கப் போனேன். "ஏன், அவளுக்கும் உடம்பு சரியில்லையா?" என்றார் முதியவர். வேடிக்கையென்று எண்ணிச் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. எனக்குப் பயிற்சியளிக்கும் மூத்த மருத்துவர் ஹெலன் (பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டுமாம், நா இன்னும் கூசுகிறது) பின்னர் அமைதியாகச் சொன்னார்: "முதலில் அவருக்கு. அவர் இசைந்தால் மட்டுமே மற்றவர்க்கு. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதையும் அவரிடமே கேளுங்கள்." சரியென்றே பட்டது.

அந்த வாரமே எங்கள் ஊர் கல்லலிலிருந்து தம்பி அழைத்தான். அப்பாவுக்கு இரைப்பையில் புற்று.

"அல்சர்னுதான் சொல்லி வச்சிருக்கோம்க்கா. ஒஞ் சீமைப் படிப்பக் காட்டி எதையும் ஒளறிப்புடாத."

சரி என்றேன். எந்த நாட்டு ஒழுங்குக்கு நான் கட்டுப்பட்டவள் என்று எண்ணி எண்ணியே அயர்ந்துபோனேன்.

நேற்று நண்பகல் இடைவேளையில் அப்பாவே அழைத்தார்.

"சாப்பிட்டியாம்மா? இங்குட்டு டாக்டரு ஒந் தம்பி மொகத்தப் பாத்தேதான் பேசுறாரு. நோவு எனக்கா, அவனுக்கா?"

சிரிப்பு வந்தது.

"நீங்க எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நெனைக்கிறீக, அப்பா?"

"அல்சருக்கு எவனாச்சும் வேலவெட்டிய விட்டுப்புட்டு எங் கட்டிலச் சுத்தி ஒக்காருவானா? முழுசாச் சொல்லு. நான் செஞ்சு வைக்க வேண்டியது கெடக்கு."

பயிற்சியில் கற்ற வாக்கியங்கள் அனைத்தும் நினைவில் இருந்தன, ஆங்கிலத்தில். மருத்துவரின் இருக்கையை விட்டு எழுந்தேன். யாரும் அமராத அந்த இரண்டாவது நாற்காலியில் போய் அமர்ந்தேன்.

"அது அல்சர் இல்லப்பா."

என் அருகே நோயாளியின் நாற்காலி வெறுமையாக இருந்தது.