சொட்டாத வாளி

என் தங்கை குறைமாதத்தில் பிறந்தவள். மழைக்காலத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு, சாந்தோமில் எங்கள் வீட்டுக்கு அவள் வந்தபோது எனக்கு ஏழு வயது. மொட்டைமாடிக்கு நேர் கீழே வீடு. மார்கழி மத்தியானத்திலும் கூரையிலிருந்து சூடு இறங்கும். அவளுக்காகவே ஏசி வாங்கினார்கள். அதன் குழாய் பால்கனியில் ஒரு வாளிக்குள் சொட்டிக்கொண்டிருக்கும்.

உதவிக்கு வந்திருந்த பெரியம்மாவுக்கு ஏசி ஆகாது. துணி காயப்போடும்போது வாளியைக் காட்டி, "ரூம்ல இருக்கற ஈரத்தையெல்லாம் உறிஞ்சி இங்க துப்புது பாரு. உள்ள இருக்கறவங்க காஞ்சுதான் போவாங்க" என்றார். அன்றிலிருந்து வாளியைக் காவல் காப்பதே என் வேலையாயிற்று.

மழையெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு மத்தியானம் சொட்டு நின்றுவிட்டது. குழாய் நுனியைத் தொட்டேன், உலர்ந்திருந்தது. உள்ளே ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அறையின் ஈரம் தீர்ந்துவிட்டது, இனி தங்கையிடமிருந்துதான் எடுக்கும் என்று தோன்றியது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் உதட்டில் தோல் உரிந்திருந்தது. நாற்காலி போட்டு ஏறி, சுவிட்சை அணைத்து, முதுகால் அதை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"எறங்குடா, பாப்பாவுக்கு வேர்க்குது" என்று அப்பா அதட்டினார்.

"மாட்டேன்! பாப்பா காஞ்சிடுவா!"

என் கத்தலில் விழித்து அவள் வீறிட்டாள். முகம் சிவந்ததே தவிர, கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அதுவும் தீர்ந்துவிட்டது! நானும் அழத் தொடங்கினேன்.

பெரியம்மா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. தங்கையைத் தோளில் போட்டுத் தட்டியபடியே சொன்னாள்: "பொறந்த கொழந்தைங்களுக்குக் கொஞ்ச நாள் கண்ணீர் வராதுடா. ஐஸ் தண்ணி ஊத்துனா டம்ளருக்கு வெளிய வேர்க்கும், பானைத் தண்ணி ஊத்துனா வேர்க்காது, இல்ல? மழையில காத்துல ஈரம் ஜாஸ்தி, அதான் சொட்டுச்சு. இப்போ ஈரம் கம்மி, பாப்பாவுக்காக ஏசியையும் லேசாதான் வச்சிருக்கோம். காத்து குளுந்துச்சு, அவ்ளோதான். ஈரம் அதுலயேதான் இருக்கு. யாரும் குடிச்சிடல."

இறங்கினேன். அப்பா ஏசியைப் போட்டார்.

தங்கை தூங்கியதும் அம்மா அவள் மூக்கடியில் விரலை வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு என் விரலைப் பிடித்து அங்கே வைத்தாள். வெதுவெதுப்பாக மூச்சு பட்டது.

"வருதா?"

"வருதும்மா."

"நல்லாப் பாரு. வருதா?"

என் பயத்தைப் போக்கத்தான் அப்படிக் கேட்கிறாள் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.